கசிவுப் பிரிவும் காதல் அத்தியாயங்களும்

நாவலாசிரியரின் வீடு முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், அவருடைய மூன்றாவது நாவலில் இரண்டு பேர் ஒரே குடைக்குள் ஒதுங்கி நின்றபோது. பெரிய உயரம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை குனியாமல் போய்வரலாம், அவ்வளவுதான். ஒரு பூனை போயும் வந்தது. எதிர்வரிசைத் தையல்காரர் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பூனைக்கு இங்கே எப்போது வழி கிடைத்தது என்று மட்டும் யோசித்துவிட்டுப் பட்டன் தைக்கப் போய்விட்டார். தெரு விழித்துக்கொண்டது தண்ணீரால்தான். மண்ணுக்குள்ளிருந்து வீட்டுக்கு ஏறும் இரும்புக் குழாய் இழுபட்டு முறிந்து, நல்ல குடிநீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. வாளியோடு வந்தவர்கள் வாளியோடும் சோப்போடு வந்தவர்கள் சோப்போடும் நின்றார்கள். நீர் வாரியத்துக்குச் சொல்ல வேண்டாமா என்று ஒருவர் கேட்டதற்கு, முதலில் குளித்துவிடலாம் என்று பொதுவாக முடிவாயிற்று.

அதற்கு முன் அவர் எழுதிய இரண்டு நாவல்களும் ஒரு துறைமுகத் தொழிற்சங்கத்தைப் பற்றியவை. அவற்றால் வீடு அசையவில்லை, வாசகர்களும் அசையவில்லை. அடுத்ததில் யாராவது யாரையாவது காதலிக்கட்டும் என்று பதிப்பாளர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதன் விளைவே அந்தக் குடை. அதன் பிறகு விஷயம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. காகிதத்தில் காதல் வளர வளர வீடு ஏறும். விரல் பட்டால் ஜன்னல் உயரம். ரயில் நிலையம், மழை, காத்திருப்பு மூன்றும் ஒரே அத்தியாயத்தில் சேர்ந்துவிட்டால் தெருவிளக்கு உயரம். கடைசி அத்தியாயத்தில் காதலர்களை அவர் பிரித்துவிடுவார். வீடு தொப்பென்று பழைய இடத்தில் வந்து விழும். அதுவரை அவருடைய காதல் நாவல்கள் எல்லாம் பிரிவில்தான் முடிந்தன. அது அவருடைய கலைக்கொள்கை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். உண்மையில், சேர்ந்த பிறகு இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் என்னதான் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாமல், மாடி அறையில் இருந்த அக்காவோடு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் என்பதால் பதிலை எதிர்பார்க்கும் வழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. தம்பியின் இரண்டாவது காதல் நாவலுக்குப் பிறகு வீட்டிலிருந்த பீங்கான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்கி அடுக்கினார். வேலைக்குப் போக நூல் ஏணி ஒன்று வைத்துக்கொண்டார். வீடு விழும் சத்தத்தைக் கேட்டு, புத்தகம் முடிந்துவிட்டது என்று தெரு தெரிந்துகொள்ளும். பதிப்பாளருக்குச் செய்தி அதற்கப்புறம்தான் போகும்.

ஒவ்வொரு நாவலுக்கும் குழாய் முறிந்தது. ஐந்தாவது நாவலின்போது நீர் வாரியம் பொறுமையிழந்து, கசிவுப் பிரிவின் பொறியாளரையே நேரில் அனுப்பியது. முப்பத்தைந்து வயதிருக்கும் பெண், ரப்பர் பூட்ஸ், பெல்ட்டில் ஒரு ஸ்பேனர். தெரு அன்றைக்கே அவருக்கு ஸ்பேனர் என்று பெயர் வைத்துவிட்டது. தெரிந்தும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உலகத்தில் ஆடுகிற எதையும் தன்னால் இறுக்கிவிட முடியும் என்று அவர் நம்பினார், அதை எல்லோரிடமும் சொல்லவும் செய்தார். வீட்டுக்கடியில் படுத்து நுழைந்த முதல் மனித உயிர் அவர்தான். வெளியே வரும்போது காணாமல் போயிருந்த ஒரு செருப்பையும் இரண்டு பந்துகளையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடிப்பக்கம் ஆரோக்கியமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு ஏணியில் ஏறி விசாரணையை ஆரம்பித்தார்.

"வீடு ஏறும்போது நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க, சார்?"

"எழுதிட்டிருந்தேன்."

"என்ன எழுதினீங்க?"

நாவலாசிரியர் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். மாடியிலிருந்து அக்காவின் குரல்தான் வந்தது. "ஒரு பொண்ணு பஸ்ஸுக்கு நிக்கறா. போன மாசத்துலேர்ந்து நிக்கறா. பஸ் வந்தா கதை முடிஞ்சிடும்னு இவன் பஸ்ஸையே விட மாட்டேங்கறான்."

பொறியாளர் நாவல் படிக்கிற ஆள் இல்லை. இது கட்டட சம்பந்தப்பட்ட பிரச்சினை என்று தீர்மானித்து, நான்கு மூலைக்கும் சங்கிலி போட்டு வீட்டைத் தெருவோடு பிணைத்தார். நாவலாசிரியர் நல்ல மனதோடு அன்று மாலை ஒரு சின்னப் பார்வையை மட்டும் எழுதிப் பார்த்தார். வீடு முனகியது, சங்கிலி தாங்கியது. மறுவாரம் பஸ் வந்தது, பெண் ஏறவில்லை. வீடு எழும்பியது, சங்கிலியோடு நடைபாதையும் எழும்பியது, நடைபாதையோடு தையல்காரரின் கடையும் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. அந்த மாதம் எங்கள் பகுதியில் தைக்கப்பட்ட கால்சட்டைகள் எல்லாம் இடது கால் சற்று நீளம். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, நடையைத்தான் மாற்றிக்கொண்டார்கள்.

சங்கிலியை அவிழ்க்க வந்த அன்று பொறியாளர் மிகவும் கோபமாக இருந்தார். தோல்வி அவருக்குப் புதிது. இறங்கும்போது குழாய் நொறுங்காமல் வீட்டை மெதுவாக இறக்க வழியே இல்லையா என்று கேட்டார். அந்த இரண்டு பேரையும் பிரித்தால் விழும் என்று நாவலாசிரியர் விளக்கினார். பிரிக்காமல் கல்யாணம் செய்து வைத்தால் என்ன ஆகும் என்று பொறியாளர் கேட்டார். அப்படி எழுதினால் வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்பது பதிப்பாளரின் கருத்து என்றார் நாவலாசிரியர். மூடட்டும், குழாய் உடையாதல்லவா என்றார் பொறியாளர். இலக்கிய உலகில் அதுவரை யாரும் முன்வைக்காத வாதம் அது. நாவலாசிரியர் அதே இடத்தில் உட்கார்ந்து, பஸ்ஸை விட்ட பெண்ணையும் அவளுக்காகப் பஸ்ஸிலிருந்து குதித்தவனையும் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிக் கையெழுத்துப் போட வைத்தார். வீடு ஆடாமல் அசையாமல் கீழே வந்து உட்கார்ந்தது. மேசைமேல் இருந்த தேநீரில் ஒரு சுழிகூட விழவில்லை. அந்த நாவலைப் பதிப்பாளர் பாதி மனதோடு வெளியிட்டார். கடைசிப் பக்கம் விடுபட்டிருப்பதாக வாசகர்கள் சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு குழாய் நன்றாகவே இருந்தது. இருந்தும் பொறியாளர் வாரத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்க வந்தார். கசியாத குழாயை இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கும் வாரியம் வேறெங்கும் இல்லை என்று தையல்காரர் பெருமைப்பட்டார். ஒரு முற்பகல், அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம், பொறியாளர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார்; நாவலாசிரியர் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று தொட்டிக்கடியிலிருந்து கேள்வி வந்தது. தெரியாது என்று ஒப்புக்கொண்டார் நாவலாசிரியர். என்ன செய்திருப்பார்கள், குழாயை யார் சரியாக மூடவில்லை என்று சண்டை போட்டிருப்பார்கள் என்று சொல்லிப் பொறியாளர் சிரித்தார். சிரித்ததில் ஸ்பேனர் நழுவி அவர் நெற்றியில் விழுந்தது. நாவலாசிரியர் பதறி ஈரத்துணியைத் தேடினார். அன்று அவர் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வீடு எழும்பியது.

ஷிஃப்ட் முடிந்து திரும்பிய அக்கா, வீட்டைத் தெருவிளக்குக்கு மேலே கண்டார். நூல் ஏணி எட்டவில்லை. கீழே குழாய் பீய்ச்சிக்கொண்டிருந்தது, தெரு குளித்துக்கொண்டிருந்தது.

"டேய், யாரைடா எழுதற?" என்று கத்தினார்.

"யாரையும் எழுதலக்கா," என்று ஜன்னலில் தம்பியின் தலை தெரிந்தது. சற்றுப் பொறுத்து, பக்கத்திலேயே நெற்றியில் ஈரத்துணியோடு இன்னொரு தலையும் தெரிந்தது. தெருவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தையல்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவை மரியாதையாகக் கழற்றி மடித்து வைத்தார்.

மேலே நடந்ததை அக்கா பிற்பாடு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்த்திருக்கிறார். எப்படி இறங்குவது என்று நாவலாசிரியர் கேட்டிருக்கிறார். போன நாவலில் எப்படி இறங்கியது என்று பொறியாளர் திருப்பிக் கேட்டிருக்கிறார். பிறகு பொறியாளர்தான், வாரியக் கூட்டத்தில் பேசுகிற குரலில், "எனக்கு அடுத்த புதன்கிழமை லீவு, சார்," என்றிருக்கிறார். வீடு இறங்கியது.

கல்யாணத்துக்குப் பிறகு 'சார்' போய், பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற பலவிதச் சத்தங்கள் வந்தன. முதல் இரண்டு வருஷம் வீடு தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது. குழாய் உடைந்தால் பொறியாளர் வேலைக்குக் கிளம்பும் முன்னால் மாட்டிவிட்டுப் போனார். தெருவுக்கு இதில் புகார் இல்லை, குளியலுக்கு ஒரு நேரம் மட்டும் சொல்லிவிட்டால் வசதி என்றார்கள். சிக்கல் அலுவலகத்தில்தான் முளைத்தது. நகரத்திலேயே அதிகக் கசிவு உள்ள வீடு கசிவுப் பிரிவுப் பொறியாளரின் வீடு என்று வாரியத்தில் யாரோ கண்டுபிடித்து, அதைத் தேநீர் இடைவேளைக்கு நிரந்தரமான வேடிக்கையாக்கிவிட்டார்கள். உலகத்தில் ஆடுகிற எதையும் இறுக்குவேன் என்று சொல்லித் திரிந்தவருக்கு அது உறைத்தது. ஒருநாள் பூட்ஸைக் கழற்றியபடியே, கொஞ்ச காலத்துக்கு இந்த வீடு ஆடாமல் இருந்தால் தேவலை என்று கணவரிடம் சொன்னார். சொன்னவர் சொல்லிவிட்டு மறந்தார். கேட்டவர் மறக்கவில்லை.

மனைவி தலை குனியக் கூடாது என்பதற்காக நாவலாசிரியர் தன் வாழ்க்கையிலேயே மிகக் கனமான புத்தகத்தை எழுத ஆரம்பித்தார். அதில் ஒரு கணவன், ஒரு மனைவி. காதல், ஏக்கம், காத்திருப்பு எதுவும் கிடையாது. சண்டையும் கிடையாது, சமாதானமாகும்போது வீடு ஏறிவிடுமோ என்ற பயம். அவர்கள் எழுந்தார்கள், பல் தேய்த்தார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டார். தலைப்பு 'அமைதி'. பொறியாளரும் தன் பங்குக்குப் பழைய குழாயைப் பிடுங்கிவிட்டு, தொடை பருமனில் இரும்புக் குழாய் போட்டு, சுற்றிலும் சிமெண்ட் ஊற்றினார். வீடு நின்றது. நின்றதோடு நிற்கவில்லை, புதைய ஆரம்பித்தது.

முதலில் கவனித்தது பூனை. பிறகு வாசற்படிகளில் கடைசிப் படி காணவில்லை, அடுத்த மழைக்குள் அதற்கு மேல் படியும் காணவில்லை. கதவு மண்ணில் உரச ஆரம்பித்தது. தச்சரைக் கூப்பிட்டு அடியில் செதுக்கினார்கள், பிறகு மறுபடி செதுக்கினார்கள். இருநூறாவது பக்கத்தில் ஜன்னல் விளிம்பு தெருமட்டத்துக்கு வந்தது. நாய்கள் உள்ளே பார்த்துவிட்டுப் போயின. பதிப்பாளர் புத்தகம் எப்படிப் போகிறது என்று கேட்க வந்து, நடைபாதையில் கால் மடக்கி உட்கார்ந்து ஜன்னலுக்குள் குனிந்து பேசினார். இதுவரை ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டார். முன்னூறாம் பக்கத்தில் ஒரு நாற்காலியை நகர்த்துகிறார்கள் என்றார் நாவலாசிரியர். பதிப்பாளர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு போனார். கடைசியில் மாடி தரைத்தளமாயிற்று. தரைத்தளத்தை என்னவென்று சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் 'கீழே' என்றார்கள். அக்கா தன் படுக்கையறை ஜன்னல் வழியாகவே வேலைக்குப் போய்வந்தார். நூல் ஏணி இப்போது உள்பக்கமாகத் தொங்கியது.

வீட்டைப் பார்த்து எழுதினாரா, எழுதியதைப் பார்த்து வீட்டார் நடந்துகொண்டார்களா என்று சொல்ல முடியவில்லை. கீழே குடியிருந்த இரண்டு பேரும் மெல்ல மெல்ல அந்தப் புத்தகத்தின் கணவன் மனைவி போல ஆகிவிட்டார்கள். உரக்கச் சிரித்தால் வீடு ஏறிவிடும் என்று நாவலாசிரியர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததால் தான் எதற்குச் சிரிப்பது என்று பொறியாளரும் சிரிக்கவில்லை. தேநீர் நன்றாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார், நன்றாக இருக்கிறது என்று மற்றவர் சொன்னார். தேநீர் நன்றாக இருந்ததில்லை. நாளெல்லாம் குழல்விளக்கு எரிந்தது. பொறியாளர் அலுவலகத்திலிருந்து தாமதமாக வரத் தொடங்கினார். அங்கே ஜன்னல் வழியாக மரம் தெரிந்தது. அலுவலகத்தில் இப்போது யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அவர் வீட்டில் கசிவே இல்லை.

இந்த நிலையில்தான் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பெரிய பதவி, பெரிய குழாய்கள், வேண்டாமென்றால் எழுதிக்கொடுத்துவிடலாம். ஒரு காலை பூட்ஸ் போட்டுக்கொண்டே கணவரிடம் அதைச் சொன்னார். போகாதே என்று சொல்ல நாவலாசிரியர் வாயைத் திறந்தார். அதைச் சொன்னால் வீடு எகிறும், சிமெண்ட் பிளக்கும், தேநீர் இடைவேளையில் மறுபடி சிரிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

"உன் இஷ்டம்," என்றார்.

வீடு ஒரே மூச்சில் முழங்கால் ஆழம் இறங்கியது. மேலே அக்காவின் எவர்சில்வர் டம்ளர்கள் உருண்டன. பொறியாளர் இன்னொரு காலுக்கும் பூட்ஸை மாட்டினார். பிறகு, "சரி," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறி வேலைக்குப் போனார். வீடு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

மாதக் கடைசியில் அவர் கிளம்புவதாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாடியறையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்க, அக்கா கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. மாடிக்கென்று குடிவந்தவர் இன்னும் ஒரு அத்தியாயத்தில் பாதாளத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்ற சொந்தக் கவலையும் இருந்தது. வழக்கம்போல் பதிலுக்குக் காத்திராமல் பேசினார்.

"எங்க ஆஸ்பத்திரிக்குப் பல்லு ஆடுதுன்னு வர்றவங்கதான் பயந்து வருவாங்க. ஆடாத பல்லு எதுன்னு தெரியுமா? நாங்க வெச்சு அனுப்பற பல்லு. ஆடவே ஆடாது. ஆனா அதால சூடு தெரியாது, குளிர் தெரியாது. நீ அவன் எழுதறதைப் படிச்சியா?"

பொறியாளர் படித்ததில்லை. கணவரின் ஒரு நாவலைக்கூட அவர் படித்ததில்லை. தண்ணீர் வாரியத்தில் இருப்பவர்கள் எல்லாக் குழாயிலும் வாய் வைத்துக் குடிப்பதில்லை என்பது அவர் பக்க நியாயம். துணியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். நாவலாசிரியர் ரொட்டி வாங்கப் போயிருந்தார். மேசையில் 'அமைதி' நானூறு பக்கத்துக்கு ஏறியிருந்தது. பொறியாளர் குழல்விளக்குக்கு அடியில் நின்றபடியே முதல் பக்கத்தை எடுத்தார். ரொட்டியோடு ஏணியில் இறங்கி வந்த நாவலாசிரியர், மனைவி முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைக்க மறந்துபோனார்.

"சார்," என்றார் பொறியாளர்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்டதில்லை.

"சொல்லு."

"இதுல வர்ற பொண்ணு நானா?"

"கிட்டத்தட்ட."

"இவ எல்லாத்துக்கும் சரிங்கறா. புருஷன் இவ பொறந்தநாளை மறந்துட்டான், அதுக்கும் பரவாயில்லைங்கறா. என் பொறந்தநாளை நீங்க மறந்தப்போ நான் பரவாயில்லைன்னா சொன்னேன்?"

"இல்ல. ரெண்டு நாள் வீட்டுக்குத் தண்ணியை மூடி வெச்சிருந்த."

"அது எங்க இதுல?"

நாவலாசிரியர் ரொட்டியைக் கை மாற்றிக்கொண்டார். "ஆடாம இருந்தா நல்லா இருக்கும்னு நீதானே சொன்ன."

"வீட்டைச் சொன்னேன். என்னையா சொன்னேன்?"

எங்கோ அடியில் சிமெண்ட் லேசாகக் கிரீச்சிட்டது. இருவருக்கும் கேட்டது. நாவலாசிரியர் பழக்கத்தில் வாயை மூடிக்கொள்ளப் போனார். பிறகு, பெட்டியும் துணியும் மேலே இருப்பதை நினைத்தாரோ என்னவோ, மூடவில்லை.

"நீ போறது எனக்குப் பிடிக்கல," என்றார்.

"கேட்ட அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா ஏறிடும். குழாய் உடையும். உன் ஆபீஸ்ல மறுபடி சிரிப்பாங்க."

பொறியாளருக்கு இரண்டு வருஷக் கணக்கு அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கியது. சண்டைக்கென்று சேர்த்துவைத்திருந்த மூச்சில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியில் சொன்னார்: "உடைஞ்சா நான் மாட்டிட்டுப் போறேன். எனக்குத் தெரிஞ்ச வேலையே அதுதான்."

சண்டை இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சேர்ந்து கிடந்தது நிறைய. தேநீர் டம்ளர் அலமாரியில் குழாய்த் துண்டுகளை அடுக்குவது யார் வீட்டுப் பழக்கம் என்று நாவலாசிரியர் கேட்டார். குளியலறையில் காதல் வசனங்களை ஆண்குரலிலும் பெண்குரலிலும் பேசிப் பார்ப்பது மட்டும் எந்த ஊர்ப் பழக்கம், அதிலும் அந்தப் பெண்குரல் அச்சாக அக்கா குரல் மாதிரியே இருக்கிறது என்றார் பொறியாளர். தன் குரலை இதில் இழுக்க வேண்டாம் என்று மேலேயிருந்து பதில் வந்தது. சிமெண்ட் ஊற்றும் முன் ஒரு வார்த்தை கேட்டாயா என்றார் அவர். நானூறு பக்கம் ஊற்றும் முன் நீங்கள் கேட்டீர்களா என்றார் இவர். அப்போது வீடு ஒரு குலுங்கு குலுங்கியது. தொடை பருமன் இரும்புக் குழாய் வேரோடு பிடுங்கிக்கொண்டு, துப்பாக்கி சுட்டது போல முறிந்தது. ஜன்னலுக்கு வெளியே மண் சரிந்தது. மண்ணுக்கு மேல் ஒரு கோடு வெயில் தெரிந்தது. பிறகு ஒரு நாய், பிறகு நாயின் கால்கள், பிறகு தெரு. இரண்டு வருஷம் கழித்துச் சமையலறைக்குள் வெயில் விழுந்தபோது, நாவலாசிரியரின் கையில் ரொட்டி இன்னும் இருப்பதைப் பொறியாளர் பார்த்தார். அவர் சிரித்ததில் வீடு தரைமட்டத்தையும் தாண்டி நாலைந்து படி மேலே போனது. தெருவில் ஏற்கெனவே வாளிகள் வந்து சேர்ந்திருந்தன. தையல்காரர் கடைக்குள் ஓடிப்போய்த் தன் சோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வருஷக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருந்த சோப்பு.

மாற்றல் வேண்டாம் என்று பொறியாளர் மறுநாளே எழுதிக்கொடுத்துவிட்டார். அன்று மாலையே வீட்டுக்கடியில் படுத்து நுழைந்து, உடைந்த இரும்பை எல்லாம் அள்ளி வெளியே போட்டார். அதற்குப் பதிலாகத் தீயணைப்புக்காரர்கள் வைத்திருப்பது போன்ற வளைகிற குழாயை வாங்கி, பள்ளத்துக்குள் பாம்பு சுருண்ட மாதிரி பல சுற்று சுற்றி வைத்து, ஒரு முனையைத் தெருவோடும் மறுமுனையை வீட்டோடும் இணைத்தார். ஏறினால் சுருள் அவிழும், இறங்கினால் தானாகச் சுருண்டுகொள்ளும். இத்தனை வருஷம் இறுக்கிய ஆளுக்கு இது தோன்ற ஏன் இவ்வளவு நாள் ஆனது என்று அக்கா கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாரியத்தில் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம், பாலத்துக்கு அடியில் போகும் குழாய்க்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

நாவலாசிரியர் 'அமைதி'யைக் கிழிக்கவில்லை, முதல் வரியிலிருந்து திருத்தினார். புதிய பிரதியில் மனைவி மூன்றாம் பக்கத்திலேயே "முடியாது" என்று சொல்கிறாள். பொறியாளர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்துவிட்டு, தான் அப்படிப் பேசியதில்லை என்றோ, அதைவிட மோசமாகப் பேசினேன் என்றோ ஓரத்தில் குறித்தார். பதிப்பாளர் புத்தகத்தை மூட முடியாமல் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் கதை இருக்கிறது என்று யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், எல்லோரும் எழுத ஆரம்பித்துவிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு விமர்சகருக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒரு கணவனும் மனைவியும் இத்தனை வருஷம் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருப்பது நம்பும்படியாக இல்லை, ஆசிரியர் யதார்த்தத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதினார். அந்த விமர்சனத்தை அவர்கள் வெட்டிச் சமையலறைத் தொட்டிக்கு மேல் ஒட்டினார்கள். ஒட்டிய அன்று வீடு ஜன்னல் உயரம்.

இப்போது எத்தனையோ வருஷமாகிவிட்டது. வீடு பெரும்பாலும் தரையில் இருக்கிறது, அல்லது தரைக்குச் சற்று மேலே. பண விஷயம், ஜுரம், மழைக்கால ஒழுகல் என்று வந்தால் ஒரு படி கீழேயும் போகும்; பிறகு வந்துவிடும். தச்சர் மடக்குப் படிக்கட்டு ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து தெருவில் போகிறவர்களின் பற்களைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் நீர் வாரியத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வரைபடத்தோடு வந்து, அந்த வீடு தெருமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தையல்காரரிடம் கேட்டார்.

"எப்பக் கேக்கறீங்க?" என்றார் தையல்காரர்.

வந்தவர் தலையாட்டிக்கொண்டு, வரைபடத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் மட்டும் குறித்துக்கொண்டார். இன்று காலை வீடு இரண்டு படி மேலே இருந்தது. உள்ளே குழாயை யார் சரியாக மூடவில்லை என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. பால்காரர் குதிகாலை உயர்த்தி ஜன்னலில் பாலை வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.